தூள் பைக்கற் போட முதல் யாரிடம் கேட்பது?

அக்காவின் மிளகாய்த்தூள் போன வருடம் வரைக்கும் சூட்கேசில்தான் பயணம் போனது. விடுமுறைக்கு வந்து திரும்புகிற சொந்தக்காரர் ஆளுக்கு இரண்டு கிலோ கொண்டுபோவார்கள். பிறகு ரொறன்ரோவிலிருந்து உறைப்புக் காணாது என்றும் பாரிஸிலிருந்து நிறம் திறம் என்றும் தகவல் வரும். யாழ்ப்பாணத்தில் எங்கள் சுன்னாகம், மருதனார்மடம் பக்கக் கடைகளுக்கும் பைக்கற்றில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று அக்கா யோசிக்கத் தொடங்கினார். கையில் இருந்தது கொஞ்சக் காசு. அதை எதில் போடுவது, எதில் போடக்கூடாது என்று யாரிடமாவது கேட்க வேண்டும். யாரிடம்?

யாழ்ப்பாணத்தில் கேட்டால் சொல்ல ஆளில்லாத நிலை ஒருபோதும் இல்லை. கேட்காமலே சொல்வார்கள். அக்காவுக்கு முன்னால் இருந்தவை இவை: கைபேசியில் இருக்கிற முகநூல் குழுக்களும் யூரியூப்பும், பிரதேச செயலகம் முதலான அலுவலகங்கள், சந்தையும் கடைத்தெருவும், காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிற கணக்காளர், வெளிநாட்டில் இருக்கிற மாமா. எட்டு மாதத்தில் அக்கா எல்லாரிடமும் கேட்டார். நான் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு கூடவே போனேன். யார் சொன்னது உதவியது, யார் சொன்னது காசைத் தின்றது என்று பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தூள் என்றில்லை, வடகம், தையல், கோழிக்கூடு எது தொடங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் கைபேசி. எல்லாரும் தொடங்குவது அங்கேதான், அக்காவும் அப்படித்தான். இரண்டு கிழமையில் அவருக்கு உத்யம் என்கிற தொழில் பதிவு, முத்ரா என்கிற சிறுதொழில் கடன், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவு உரிமம், ஜி.எஸ்.டி. வரி எல்லாம் மனப்பாடம். ஒன்றுகூட இலங்கையில் இல்லை. தமிழில் தொழில் பற்றிப் பேசுகிற காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன. அங்குள்ளவர்களுக்கு அவை மிக நல்ல காணொளிகள். மொழி ஒன்றாக இருப்பதால் சட்டமும் ஒன்றுதான் என்று மனம் நம்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் பார்த்திருந்தால் ‘இது எந்த நாட்டுக்கு?’ என்று ஒரு தடவையாவது யோசித்திருப்போம். தமிழில் பார்க்கும்போது அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இதனால் என்ன நட்டம் வரும் என்பதற்கு ஒரு உதாரணம். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேர் வேலை செய்கிற இடத்திலிருந்துதான் பிடிக்கும். ஒரு காணொளியில் அதைக் கேட்டுவிட்டு அக்கா, பைக்கற் கட்ட எடுக்கப்போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் கட்டத் தேவையில்லை என்று நிம்மதியாக இருந்தார். நம் ஊர் முகநூல் குழு ஒன்றில் கேட்டோம். ‘15 பேருக்கு மேல் என்றால்தான்’ என்று ஒருவர் அடித்துச் சொன்னார், பத்துப் பதினைந்து பேர் விருப்பக் குறியும் போட்டார்கள். அந்த 15 பேர்க் கணக்கு, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற பணிக்கொடை பற்றிய சட்டத்தில் வருவது, 1983ஆம் ஆண்டுச் சட்டம். வருங்கால வைப்பு நிதிக்கு இங்கே பெயர் ஊழியர் சேமலாப நிதி. அதற்கு ஒரேயொரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்ட வேண்டும்: ஊழியரின் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி பங்காக 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியே இன்னும் 3 சதவீதம். அந்த 15 சதவீதத்தை விலைக்குள் போடாமல் கணக்குப் பார்த்திருந்தால் பைக்கற்றில் வருகிற இலாபம் அங்கேயே போயிருக்கும். கட்டாமல் விட்டால் பிறகு அபராதக் கட்டணத்தோடு கேட்பார்கள்.

இன்னொன்று, பழைய பதிவு. இணையத்தில் எழுதியது அழிவதில்லை, தேடினால் ஐந்து வருடத்துக்கு முந்தைய பதில்தான் முதலில் வந்து நிற்கும். வற் என்கிற பெறுமதி சேர் வரியைப் பாருங்கள். 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வரிக்குப் பதிய வேண்டிய வருட விற்பனை எல்லையும் 300 மில்லியன் ரூபாவிலிருந்து 80 மில்லியனுக்கு இறங்கி, 2024 ஜனவரியில் 60 மில்லியனுக்கு வந்தது. இத்தனையும் நான்கு வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்துக்குள். இதில் எந்த வருடத்துப் பதிவை வாசித்தாலும், எழுதிய அன்றைக்கு அது சரிதான். அக்கா வருடத்துக்கு 60 மில்லியனுக்குத் தூள் விற்றால் நான் மோட்டார் சைக்கிளில் திரிந்துகொண்டிருக்க மாட்டேன் என்பது வேறு கதை. ஆனால் பைக்கற் உறையும் சீல் மெஷினும் வாங்குகிற விலைக்குள் அந்த வரி இருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இணையத்தில் கேட்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சில கேள்விகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அக்காவின் முதல் நூறு பைக்கற்றில் சீல் பிரிந்தது. சூட்டைக் கூட்டிப் பார்த்தோம், உறை சுருங்கியது. குறைத்தோம், ஒட்டவே இல்லை. இரவு பதினொரு மணிக்குப் படம் எடுத்து ஒரு குழுவில் போட்டார்: பைக்கற் 50 கிராம், உள்ளே மிளகாய்த்தூள், சீல் இரண்டு நாளில் வாய் திறக்கிறது, மெஷினின் சூடு இவ்வளவு. காலையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் பதில் இருந்தது. சூட்டில் பிழை இல்லை, சீல் விழுகிற இடத்தில் உள்பக்கமாகத் தூள் படிந்திருக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. காகிதத்தில் நீளமான புனல் செய்து பைக்கற்றின் அடிவரை விட்டுக் கொட்டுங்கள், சீல் போட முதல் வாயை உலர்ந்த துணியால் துடையுங்கள். செய்தோம், நின்றுவிட்டது. தூள் ஒட்டுவதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்ற பேதம் கிடையாது. மெஷின், உறை, ஈரப்பதம், படம் எடுப்பது, கணக்கை எக்செலில் எழுதுவது போன்ற கேள்விகளை உலகத்தில் எங்கே கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

அதே குழுவில் அதே வாரம் இன்னொருவர் ‘யாழ்ப்பாணத்தில் என்ன பிசினஸ் செய்தால் இலாபம்?’ என்று கேட்டிருந்தார். எழுபது எண்பது பதில் வந்திருந்தது. பாதிப் பேர் வெளிநாடு போகச் சொன்னார்கள், மீதிப் பேர் அரசாங்கத்தைத் திட்டினார்கள். கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைத்திருக்காது. எந்த ஊர், என்ன பொருள், எத்தனை கிராம், என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதினால்தான் தெரிந்த ஒருவர் நின்று பதில் சொல்வார்.

இணையத்துக்கு நம் ஊரில் இன்னொரு பலம் உண்டு. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இங்கே நீங்கள் ஒருவரிடம் தொழில் பற்றிக் கேட்டால், உங்களிடம் காசு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியும் விடுகிறீர்கள். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். ‘என்னவாம், புருஷன் அனுப்பிற காசு காணாதாமோ?’ என்று ஒரு குரல் வரும். பெண்கள் தொடங்குகிற தொழில் என்றால் இந்தக் குரல் இன்னும் கொஞ்சம் சத்தமாக வரும். பெயர் தெரியாத இடத்தில், பிள்ளைகள் படுத்த பிறகு, கேட்கக் கூச்சமான கேள்வியைக் கேட்கலாம். காசோலையின் பின்பக்கம் எங்கே கையெழுத்து வைப்பது என்று அக்கா அங்கேதான் கேட்டார். நாற்பத்திரண்டு வயதில் வங்கிக்குள் நின்று அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பொதுவில் சொல்லாமல் ‘இன்பொக்ஸ் வாங்கோ’ என்கிறவர் ஆலோசனை சொல்ல வருகிறவர் இல்லை, மெஷினோ கடனோ விற்க வருகிறவர். கடன் எடுத்துத் தர முதலில் ஒரு தொகை கட்டச் சொன்னால் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இனிக் கடைத்தெரு. இணையத்தில் எல்லாரும் சொன்னபடி அக்கா, கீழே அகலமாகி நிமிர்ந்து நிற்கிற, மேலே இழுத்துப் பூட்டுகிற வடிவான உறையில் 250 கிராம் தூள் போட்டு, ஒட்டும் தாளில் பனைமரப் படமும் அடித்துக்கொண்டு சுன்னாகத்தில் ஒரு கடைக்குப் போனார். கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். பைக்கற்றைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பெருவிரலால் ஒருதரம் அமத்தினார். பிறகு தலையை நிமிர்த்திக் கடையைச் சுற்றிக் காட்டினார்.

“வடிவாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா இதை நான் எங்க கொழுவுறது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். அந்தக் கடையில் பைக்கற் நிற்க வைக்க ஒரு சாண் தட்டுக்கூட இல்லை. பற்பசை, சம்பு, மஞ்சள் தூள், பிஸ்கற் எல்லாம் கம்பியிலும் ஆணியிலும் சரமாகத் தொங்கின. “அம்பது கிராம் போடு. மேல ஒரு ஓட்டை போடு. பன்ரண்டு பைக்கற்றை ஒரு மட்டையில அடிச்சுத் தா. கால்கிலோ வாங்கிற ஆக்கள் மில்லில திரிப்பிப்பினம், என்னட்ட வரமாட்டினம்.” அவ்வளவுதான், ஐந்து நிமிடம். நிமிர்ந்து நிற்கிற உறை முந்நூறு இன்னும் அக்காவின் அறையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. இணையத்தில் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மனதில் இருந்தது குளிரூட்டிய கடை. ஐயாவின் கடை அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளைக்குப் பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. மீன் குறைந்தால் வறுத்த தூளும் மெதுவாகத்தான் போகும், ஆகவே அந்த மாதத்துக்கு நிறைய அரைத்து வைக்காதே. இதை எந்தக் காணொளியில் கேட்டிருக்க முடியும்?

கடைத்தெருவில் ஒரு சிக்கல் உண்டு. மிகச் சரியான பதில் தெரிந்தவர் பல நேரம் உங்கள் போட்டியாளர். மருதனார்மடத்தில் தூள் விற்கிற ஒருவரிடம் செத்தல் மிளகாய் எங்கே மொத்தமாக எடுப்பது என்று கேட்டோம். மிக அன்பாக ஒரு இடம் சொன்னார். பிறகு பார்த்தால், சந்தை விலையைவிடக் கூட விற்கிற இடம் அது. அவரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை, தன் வயிற்றில் அடிக்க யார்தான் வழி சொல்வார்? அதற்கு அக்கா கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. அதே தொழில் செய்கிற, ஆனால் வாடிக்கையாளர் வேறான ஒருவரைத் தேடினார். பருத்தித்துறைப் பக்கம் தூள் போடுகிற ஒரு அம்மா கிடைத்தார். அவருடைய கடைகள் வடமராட்சியில், அக்காவின் கடைகள் வலிகாமத்தில். ஒருவர் சோற்றில் ஒருவர் கை வைக்கவில்லை. அந்த அம்மா மிளகாய் விலை ஏறி இறங்குகிற மாதம் முதல் கடன் இழுக்கிற கடைகள் வரை கொட்டிவிட்டார்.

கடன் என்றதும் நினைவு வருகிறது. நம் கடைகளில் புதுச் சாமானுக்கு உடனே காசு கிடைப்பது அரிது. ‘வைச்சிட்டுப் போங்கோ, வித்தாத் தாறன்’ என்பதுதான் வழக்கம். அப்படியானால் எத்தனை கிழமைக்கு ஒருதரம் கணக்குப் பார்ப்பது, எலி கடித்த பைக்கற் யார் தலையில், திகதி முடிந்தது யார் தலையில் என்று முதல் நாளே கதைத்துவிட வேண்டும். பருத்தித்துறை அம்மா இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தோன்றியிருக்காது.

மில்லுக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கிடைத்த ஆலோசகர்களில் ஒரு சதமும் வாங்காமல் அதிகம் காப்பாற்றியவர் அவர்தான். அரைத்து முடிந்ததும் தூளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். விரலில் சூடு இருந்தது. “அக்கா, இந்தச் சூட்டோட கட்டினா உள்ளுக்கு வேர்க்கும். பேப்பரில பரப்பி ஆறவிட்டிட்டுப் பிறகு கட்டுங்கோ.” உள்ளே வேர்த்தால் தூள் கட்டியாகும், பூஞ்சணம் பிடிக்கும், அதோடு பெயரும் கெடும்.

அலுவலகங்களைப் பற்றி நம் ஆட்கள் நல்ல வார்த்தை சொல்வது குறைவு. நான் சொன்னால் என்னை உத்தியோகத்தரின் மச்சான் என்று நினைப்பீர்கள். ஆனால் சட்டம், பதிவு, அனுமதி மூன்றுக்கும் வேறு எங்கே கேட்டாலும் நேர விரயம்தான். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. தனியாள் வியாபாரத்துக்குப் பெயர் பதிவது அங்கேதான், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு. கம்பனியாகப் பதிய வேண்டுமா என்று இணையத்தில் மூன்று நாள் வாதாடினார்கள். கடைக்குத் தூள் கொடுக்கிற அளவுக்குப் பெயர்ப் பதிவே போதும் என்று அலுவலகத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது. சிறுதொழில் முயற்சிகளைப் பார்க்கிற உத்தியோகத்தரும் விதாதா வள நிலையத்தில் தொழில்நுட்ப உதவி செய்கிறவரும் அங்கே இருப்பார்கள். உலர்த்துவது, பொதி செய்வது போன்றவற்றுக்குச் செலவில்லாமல் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவார்கள். பனம் பொருள் செய்கிறவர்களுக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

உணவுப் பொருள் செய்கிறவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொழில் தொடங்குகிற முதல் கிழமையிலேயே போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் அவருக்கு ஒளிந்து திரிவதுதான் பழக்கம். அக்கா நேரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், அறை கட்ட முதல் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். கேட்க வந்தவரைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். தரை எப்படி, யன்னலுக்கு வலை எப்படி, தண்ணீர் எங்கே என்று தாளில் கீறியே காட்டினார். கட்டி முடித்த பிறகு அவர் வந்து இடிக்கச் சொல்வதைவிட இது எவ்வளவோ மலிவு. பிரதேச சபை அனுமதிக்கும் அதுவே உதவியது.

அலுவலகத்தின் குறையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். விற்பது பற்றி அவர்களிடம் கேட்காதீர்கள். ஒரு பயிற்சியில் முப்பது பெண்களுக்கும் ஒரே பொருளைச் செய்யப் பழக்கினார்கள். முப்பது பேரும் ஒரே பிரதேசத்தில் அதையே செய்தால் யார் வாங்குவது என்று அக்கா கேட்டபோது பதில் வரவில்லை, தேநீர் வந்தது. நேரமும் போகும். ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் போனோம். உத்தியோகத்தர் முதல் நாள் கூட்டத்தில், அடுத்த நாள் களத்தில், மூன்றாம் நாள்தான் கதிரையில்.

கணக்காளர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசு கேட்பார் என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். மாதாமாதம் தேவையில்லை, தொடங்கும்போது ஒருதரமும் வருமான வரி விபரம் கொடுக்கிற காலத்தில் ஒருதரமும் போதும். வரி வருடம் மார்ச் 31இல் முடியும், விபரம் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30. நவம்பர் 28இல் ஓடினால் யாரும் பொறுமையாகச் சொல்லித் தரமாட்டார்கள். அவர் சொன்னது பிழைத்தால் திரும்பப் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது. குழுவில் விருப்பக் குறி போட்ட அந்தப் பத்துப் பதினைந்து பேரை எங்கே தேடுவது?

மாமாவின் கதைதான் கடினம். கனடாவில் ஸ்காபரோவில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இருக்கிறார், அன்பானவர், வாரம் ஒருதரம் அழைப்பார். தானே காசு போடுவதாகச் சொன்னார். ஆனால் பெரிய அரைக்கும் மெஷின் வாங்க வேண்டும், நேரே கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்வதில் ஒன்று உண்மை: அங்குள்ள தமிழ்க் கடைகளில் எந்தத் தூள் ஓடுகிறது, எந்த அளவு பைக்கற் எடுக்கிறார்கள் என்று அவர் கண்ணால் பார்க்கிறார். அதை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் 1990களில் அவர் விட்டுப் போன ஊருக்கான ஆலோசனை. காசோடு வருகிற ஆலோசனையை மறுக்கவும் முடியாது, அதுதான் அதன் விலை. அக்கா ஆலோசனையை எடுத்துக்கொண்டு காசை மட்டும் ‘இப்ப வேண்டாம் மாமா, தேவைப்படேக்க கேக்கிறன்’ என்று தள்ளினார். இரண்டு கிழமை அழைப்பு வரவில்லை. பிறகு வந்தது.

எது நல்லது என்று ஒற்றைப் பதில் கேட்டால், காசைச் செலவழிக்க முதல் நான் கடைக்கார ஐயாவிடம் போவேன். உறை வாங்கிய பிறகு போனதுதான் எங்கள் பிழை. மாதிரிக்கு இரண்டு பைக்கற்றோடு ஐந்து கடை ஏறி இறங்கினால் முந்நூறு உறையின் காசு மிச்சம். அரசாங்கம் கேட்கிற எதையும் அரசாங்கத்திடமே கேட்பேன், தாளில் எழுதி வாங்குவேன். இரவில் கைபேசியில் கேட்பது மெஷின், உறை, கை வேலை பற்றி மட்டும். அங்கே யாராவது சதவீதமோ சட்டமோ சொன்னால், எந்த நாடு, எந்த வருடம் என்று இரண்டு கேள்வி கேட்காமல் எழுதி வைக்க மாட்டேன்.

இப்போது அக்காவுக்குப் புதுக் கேள்வி வந்திருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் தூள் போகுமா? முகநூலில் கேட்டால் நூறு பேர் போகும் என்பார்கள். மாமா எப்படியும் போகும் என்பார். அக்கா இந்த முறை ஒருவரிடமும் கேட்கவில்லை. நாலு மட்டை தூளைப் பையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை இரவு கொழும்பு பஸ்ஸுக்கு இடம் போட்டிருக்கிறார். ஓட்டை போட்ட மட்டை இரண்டு, போடாதது இரண்டு. அங்கே கடைகளில் கொழுவுகிறார்களா, தட்டில் வைக்கிறார்களா என்று தெரியாதே.